பூவாளிக்கு அடியில் போன பயணிகள் வண்டி

மலையனூர் அங்காளம்மனை வணங்கித் தொடங்குகிறேன். இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும், பேனாவை மூடி வைப்பதுமாகவே பல வருடங்கள் ஓடிவிட்டன. நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதில் இரண்டு முறை உட்கார்ந்ததால் அந்த வகுப்பை மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் படித்தவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று ஒரு பயம். எங்கள் போர்மேன் சவரிமுத்து சார் படித்துவிட்டு நேரே வீட்டுக்குச் சண்டைக்கு வருவார் என்று இன்னொரு பயம்.

இப்போது சரக்கு ரயில் போகும் தனியார் தண்டவாளங்களில் தொலைதூரப் பயணிகள் வண்டிகளை விடலாம் என்று மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஜல்லி ஏற்றும் எங்கள் யார்டில் இன்றும் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, அன்னைக்கி இன்னாதான் நடந்துச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று கேட்கிறார்கள். சரி என்று சவரிமுத்து சாருக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"எழுதுய்யா ஏழுமல. ஆனா தண்ணி முன்ன, சுண்ணாம்பு பின்ன. அத மட்டும் மாத்தி எழுதிடாத" என்றார். அந்த உத்தரவோடு எழுதுகிறேன்.

செஞ்சிக்கு ரயில் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். மனிதர்களுக்குத்தான் கிடையாது. கல்லுக்கு இருந்தது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. அதை உடைத்து ஜல்லியாக்கி அனுப்ப ஒரு கல் கம்பெனி தன் சொந்தச் செலவில் தண்டவாளம் போட்டு வைத்திருந்தது. அது இரண்டு பக்கமும் போய்ப் பெரிய லைனோடு சேரும். அந்தத் தண்டவாளத்தில்தான் முப்பது வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு.

வேலை கற்ற வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொடி பிடிக்கக் கற்றேன். கொக்கி மாட்டக் கற்றேன். கொக்கி மாட்டும்போது விரலைக் காப்பாற்றக் கற்றேன். பிறகு கார்டு வேலை கொடுத்தார்கள். கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்க வேண்டும். முன்னால் போவதெல்லாம் ஜல்லி. ஜல்லி நம்மைத் திரும்பிப் பார்க்காது, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்காது. அமைதியான வேலை.

யார்டை விட்டு லோடு வெளியே போவதற்கு மூன்று சடங்குகள் உண்டு. முதலில் எடை மேடை. எடை பார்த்த பிறகு லோடு ஒரு கைப்பிடிகூடக் குறையக் கூடாது. அடுத்தது தண்ணீர். தண்டவாளத்தின் மேலே வளைவு போலக் குழாய் கட்டி, தோட்டத்துப் பூவாளி மாதிரி துளை போட்டிருப்பார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு குழாய்கள். நாங்கள் மொத்தத்தையும் பூவாளி என்போம். வண்டி அதன் அடியில் ஊர்ந்து போக வேண்டும். ஒரு காலத்தில் ஜல்லித் தூசி பறந்து, வழியில் உள்ள ஊர்களில் காயப்போட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மேலெல்லாம் படிந்து, ஜனங்கள் தண்டவாளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நனைக்காமல் ஒரு வண்டியும் வெளியே விடமாட்டோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள். மூன்றாவது சுண்ணாம்பு. நனைந்த லோடின் மேல் நீர்த்த சுண்ணாம்பைப் பீய்ச்சி நீளமாகக் கோடு போடுவார்கள். வழியில் யாராவது கல்லை அள்ளினால் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மூன்றுக்கும் காவல் தெய்வம் சவரிமுத்து சார். கழுத்தில் ஒரு கயிற்றில் சிலுவை, இன்னொரு கயிற்றில் விசில். அவசரத்தில் சில நாள் சிலுவையை ஊதப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் கொஞ்சம் இளகிய மனதோடு இருப்பார். அதுவும் எடை மேடை வரைக்கும்தான். சுண்ணாம்பு முடிந்ததும் லோடின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்ப்பார். அந்தக் கையைத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் துடைப்பார். கைக்குட்டையில் தூசி தெரிந்தால் வண்டி திரும்பவும் பூவாளிக்கு. தெரியாவிட்டால், "லோடு சுத்தம். போலாம்" என்பார். அந்தச் சொல் வராமல் நான் பச்சைக் கொடியைக் காட்டியதில்லை.

ஒரு ஐப்பசியில் வானம் கிழிந்து கொட்டியது. இப்போதும் தண்ணீர் அடிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"அது மேல இருக்கறவர் அடிக்கிற தண்ணி. நம்ம தண்ணிய நாமதான்யா அடிக்கணும்" என்று சொல்லி, குடை பிடித்துக்கொண்டு நின்று பூவாளியைத் திறக்கச் சொன்னார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

இனி என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மனைவி அம்சா எதற்கும் அஞ்சாதவள். பஸ்ஸைத் தவிர. செஞ்சி பஸ் நிலையத்தில் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், டிரைவர் ஏறுவதற்கு முன்பே வாந்தி எடுத்துவிடுவாள். கார், வேன், ஆட்டோ எதுவும் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாள், இஞ்சி மரப்பா தின்றாள், புளியை வாயில் அடக்கினாள். வாந்தியில் எலுமிச்சை வாசனை வந்ததுதான் மிச்சம். மலையனூருக்கு அமாவாசை தவறாமல் போவாள், நடந்தே போவாள்.

எங்கள் ஒரே மகள் செல்வியைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வந்தாள். இரண்டாவது முறை உண்டானபோது, அசையக் கூடாது, பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு மாமியாரும் இல்லை. பிரசவ நேரத்தில் பக்கத்தில் இருக்க அம்மா போயாக வேண்டும். பெங்களூருக்கு நடந்து போக முடியாது.

"நான் எப்பிடிங்க போவேன்? போய்ச் சேர்றதுக்குள்ள கொடலே வெளிய வந்துடுமே" என்று அம்சா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் கல்யாணமாகி அவள் அழுது நான் பார்த்தது குறைவு. எனக்கும் கண் கலங்கியது.

அந்தச் சமயத்தில்தான் அம்மன் வழி காட்டியது போல ஒரு சேதி வந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் வண்டி ஒன்றை வாரம் ஒருமுறை எங்கள் கல் தண்டவாளம் வழியாகத் திருப்பிவிட்டு, யார்டு வாசலில் நிறுத்தலாம் என்று ஊர் வியாபாரிகள் மனுக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்க்க ரயில்வேயிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகவும், சோதனை ஓட்டம் நல்லபடியாக முடிந்தால் ஆடியிலேயே வண்டி விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டோம். செல்விக்கு ஆவணியில் நாள் குறித்திருந்தது. அம்சா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். ரயிலில் அவள் ஏறியதே இல்லை. இருந்தாலும், "ரயிலு பஸ்ஸு மாதிரி குலுக்காதுன்னு சொல்றாங்க. எனக்கு ஒத்துக்கும்" என்று சாதித்தாள். அதையும் சோதித்துப் பார்க்க, சோதனை வண்டியில் தானும் வருவேன் என்றாள். ஜனத்துக்கு ரயில் தேவை என்று அதிகாரிக்குக் காட்ட வியாபாரிகளும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள்.

கம்பெனி மானேஜருக்கு மட்டும் இதில் துளியும் இஷ்டமில்லை. பயணிகள் வண்டி வந்தால் கல் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். "கல்லு காத்திருக்காது" என்பது அவர் மந்திரம். அதிகாரியின் முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் யார்டு வழியாகப் போகும் எந்த வண்டிக்கும் யார்டு விதிகள் அத்தனையும் பொருந்தும் என்றார். அதிகாரி யோசிக்காமல் சரி என்றார். இரண்டு பேருக்குமே சவரிமுத்து சாரைச் சரியாகத் தெரியாது.

சாருக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏழுமல, ஜனம் நனையுமேய்யா?"

"நனையும் சார்."

"ஜன்னல எறக்கிட்டா?"

"எறக்கிட்டா நனையாது சார். ஆனா வேகும். சித்திர வெயிலு."

"பூவாளி தாண்டற வரைக்கும் வெந்தா போதும்" என்று முடிவு செய்தார்.

அன்றைக்கு இரண்டு பழைய பெட்டிகளை நீல பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். செஞ்சி ஜனம் கல்யாணத்துக்கு வந்தது போலத் தூக்குச்சட்டியோடும் புளிசாத மூட்டையோடும் ஏறியது. அம்சா வயல் வழியாக நடந்தே வந்து சேர்ந்தாள். வெறும் வயிறு. ஒரு கையில் பிளாஸ்டிக் கவர், இன்னொரு கையில் மலையனூர் குங்குமம். இரண்டாவது பெட்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். அந்தப் பெட்டியின் பின்கோடியில் என் இடம். எஞ்சின் புகை வந்ததும் அவள் முகம் வெளுத்தது. கவரை விரித்துக்கொண்டாள். அவளுக்கு ரயிலும் ஆகாது என்றால், பிறகு இந்த வண்டி செஞ்சியில் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன?

எடை மேடையில் வண்டி நின்றது. சார் எடை பார்த்து முடித்தார். முதல் பெட்டியில் மானேஜரோடு உட்கார்ந்திருந்த அதிகாரி, போன் பேசுவதற்காகக் கீழே இறங்கினார். விசில் பறந்தது.

"எடை பாத்தாச்சு. லோடு எறங்கக் கூடாது சார்."

"நான் லோடாய்யா?"

"இந்த ரூலுக்கு லோடுதான் சார். ஏறிக்குங்க."

அவர் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் வானத்தைப் பார்த்தார். அதிகாரி ஏறிக்கொண்டார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த அவலூர்பேட்டை வாழைப்பழக்கார அம்மா ஒருத்தி பயந்துபோய், "ஐயா, நாங்க சாப்புடலாமா? எடை கொறஞ்சிடுமா?" என்று கேட்டாள்.

சார் நின்று யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "சாப்புடுங்க. பையில இருந்தது வயித்துக்குப் போவுது. வண்டிய வுட்டுப் போவல. ஆனா தோலு வெளிய போடக் கூடாது" என்றார். வாழைப்பழத் தோலையெல்லாம் ஜனங்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு சார் இரண்டு பெட்டியிலும் நடந்து, "அடுத்தது தண்ணி. ஜன்னல எல்லாம் எறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். அங்கேதான் விதி விளையாடியது. புது பெயிண்ட் காய்வதற்குள் ஜன்னல்களைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அத்தனையும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. நான் ஒன்றைப் பிடித்துத் தொங்கினேன். என் கால்தான் தரையை விட்டு எழும்பியது. வாழைப்பழக்கார அம்மா ஒரே இழுப்பாக இழுத்தாள். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். "சார், ஜன்னல் ஒட்டிக்கிச்சு. ஒண்ணுகூட எறங்கல."

"ஜன்னலு ஒட்டிக்கிச்சு. ரூலு ஒட்டிக்கலியே?"

"அதிகாரி இருக்காரு சார்."

"மல்லாட்ட காயப்போட்டவன்கிட்ட நாம குடுத்த வாக்குய்யா. அதிகாரி வந்தா வாக்குக்கு லீவா?"

அங்காளம்மா, நீயே பார்த்துக்கொள் என்று கடைசிப் பெட்டிக்குத் திரும்பினேன். வண்டி ஊர்ந்தது. பூவாளி திறந்தது.

இவ்வளவு தண்ணீரை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், உள்ளிருந்து பார்த்ததில்லை. கூரையில் மேளம் அடிப்பது போலச் சத்தம். இரண்டு பக்க ஜன்னல் வழியாகவும் தண்ணீர் பாய்ந்து, பெட்டிக்கு நடுவில் முட்டிக்கொண்டது. புளிசாதம் ரசம் சாதமாயிற்று. வாழைப்பழத் தோல்கள் மடியிலிருந்து கிளம்பிப் பெட்டிக்குள் மிதந்தன. முதலில் கூச்சல் வந்தது. பிறகு, என்ன சொல்ல, சிரிப்பு வந்தது. சித்திரை வெயில், தகரப் பெட்டி, ஜில்லென்று தண்ணீர். யாரோ ஒருவர் கோவிந்தா என்றார். பெட்டியே கோவிந்தா போட்டது. "இன்னொரு தடவ வுடச் சொல்லு" என்று ஒரு குரல் கேட்டது.

முதல் பெட்டியில் அதிகாரி, நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்காகத் தலையை வெளியே நீட்டினார். அவர் நீட்டிய இடம் சுண்ணாம்புக்காரர்கள் நிற்கும் இடம். அவர்கள் கூரையைப் பார்த்துப் பீய்ச்சினார்கள். பாதி கூரைக்குப் போனது, பாதி அவருக்குப் போனது. நீர்த்த சுண்ணாம்பு, ஈர முகம், நல்ல வேளையாகக் கண்ணை மூடியிருந்தார். நெற்றியில் நீளமாகப் பட்டை விழுந்து, மீசையும் வெளுத்து, அபிஷேகம் முடிந்த சாமி போல இருந்தார். பாதையோரம் ஆடு மேய்த்த பெண்கள் கும்பிட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, நானும் கும்பிட்டேன். கை தானாகப் போய்விட்டது.

வண்டி நின்றது. அதிகாரி கீழே இறங்கிச் சொட்டச் சொட்ட நின்றார். மானேஜரும் நனைந்திருந்தார், ஆனால் சந்தோஷமாக நனைந்திருந்தார்.

"பாத்தீங்களா சார்? நான் அப்பவே சொன்னேன், இது மனுஷங்களுக்கு ஏத்த தண்டவாளம் இல்லன்னு" என்றார்.

"யார் இதைத் திறக்கச் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார்.

சவரிமுத்து சார் முன்னால் வந்தார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் முகத்தில் பயம் இல்லை. உள்ளங்கையை அதிகாரியின் தோளில் வைத்துத் தேய்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். கைக்குட்டையை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அதிகாரிக்கும் காட்டினார்.

"லோடு சுத்தம். போலாம்."

நான் பச்சைக் கொடியைக் காட்டினேன். வேறு என்ன செய்வேன்? அந்தச் சொல் வந்துவிட்டதே. எஞ்சின்காரரும் பழக்கத்தில் வண்டியை எடுத்துவிட்டார். அதிகாரி ஓடி வந்து ஏற வேண்டியதாயிற்று.

அப்போதுதான் எனக்கு அம்சா ஞாபகம் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஓட, குங்குமம் முகமெல்லாம் கரைந்து வழிய, பார்க்கவே பயமாக உட்கார்ந்திருந்தாள். கவரைப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். தண்டவாளம் முடியும் வரை போனோம், திரும்பி வந்தோம். ஒரு முறைகூட வாந்தி எடுக்கவில்லை. இறங்கியதும், "பசிக்குதுங்க" என்றாள். வண்டியிலிருந்து இறங்கி அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அங்கேயே நின்று மலையனூர் இருக்கும் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஆடியில் வண்டி வரவில்லை, பதில்தான் வந்தது. அதிகாரி தங்கமானவர். நனைந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை எழுதவில்லையாம். கம்பெனி, கல் வண்டிகளை ஒதுக்கி நிறுத்த முடியவே முடியாது என்று நின்றுவிட்டது. தண்டவாளம் அவர்கள் சொத்து. அவர்கள் சம்மதிக்காமல் யாரும் ஒன்றும் செய்ய முடியாதாம். இதை அம்சாவிடம் எப்படிச் சொல்வது என்று பூஜை அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவளே வந்து கேட்டாள், சொன்னேன்.

"வராட்டி போவட்டும். அவலூர்பேட்ட பஸ்ஸு எத்தினி மணிக்கி?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கிணற்றடிக்குப் போனாள். புடவையோடு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவலூர்பேட்டை போனோம், வந்தோம். கவர் காலியாகவே இருந்தது.

"எனக்கு ரயிலு ஒத்துக்கல. தண்ணிதான் ஒத்துக்கிச்சு. இத அன்னைக்கே தெரிஞ்சிக்கிட்டேன். நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான் சொல்லல" என்றாள். ரயில்காரன் மனைவி அல்லவா.

ஆவணியில் பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். நான் இரண்டு கேன் தண்ணீர் தூக்கிக்கொண்டேன். ஊர் தாண்ட ஊர் தாண்டத் துண்டை நனைத்துக் கொடுத்தேன். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஏரியில இருந்து நேரா ஏறிட்டியா? சீட்டெல்லாம் நாறப்போவுது" என்றார்.

"நான் காஞ்சா சீட்டு இதவிட நாறும் தம்பி. ஒனக்கு எது வசதி?" என்று அம்சா கேட்டாள். அடுத்த நிறுத்தத்தில் அவரே கீழே இறங்கிக் கேனை நிரப்பிக் கொடுத்தார்.

பெங்களூரில் விடியற்காலைக் குளிர். மகள் கதவைத் திறந்தாள். ஈரப் புடவையில் பல் தந்தியடிக்க நின்ற அம்மாவைப் பார்த்தாள். "நைனா, இன்னா இது, அம்மாவ இப்பிடிக் கூட்டியாந்திருக்க?" என்று என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அம்மாவைக் கட்டிப் பிடித்து, வயிறு இடிக்க அழுதாள். மறுவாரம் பேத்தி பிறந்தாள். குழந்தையை முதலில் கையில் வாங்கியது அம்சா. நன்றாகத் துவட்டிக்கொண்டுதான் வாங்கினாள்.

சவரிமுத்து சாருக்குப் போன் செய்து சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படவே இல்லை. "நனைச்ச லோடு வழியில கொட்டாதுய்யா" என்றார். குழந்தைக்காக மாதாவிடம் வேண்டிக்கொள்வதாகவும் சொன்னார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் இருந்தேன். ஆனால் போகப் போக ஊரில் இந்தக் கதைக்குக் கை, கால் முளைத்துவிட்டது. போர்மேன் குடித்திருந்தார் என்கிறார்கள். அவர் பூசையில் கொடுக்கும் திராட்சை ரசத்தைக்கூடப் பாதிதான் குடிப்பார். அதிகாரி அன்றே சாமியாராகிவிட்டார் என்கிறார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவலூர்பேட்டைச் சந்தையில் ஒருவர், நான் யாரென்று தெரியாமல் என்னிடமே சொன்னார். ஏழுமலை பெண்சாதி அதிகாரி மேல் வாந்தி எடுத்தாளாம், அந்தக் கோபத்தில்தான் அவர் செஞ்சிக்கு ரயில் விடவில்லையாம். ஒரு ஊருக்கே ரயில் வராமல் செய்தவள் என்ற பெயரோடு அவள் கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் போய் வருகிறாள். கேட்டால் சிரிக்கிறாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஆகையால் படிக்கும் உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது சுவைக்காக ஒரு சொல்லைக்கூட ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். தண்ணீர் முன்னால், சுண்ணாம்பு பின்னால். செஞ்சிக்கு ரயில் வராததற்குக் காரணம் கல். என் மனைவி அல்ல.